என் கழுத்துக் கோடும் அக்காவின் கையும்

1

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் எழுதிய ஒரு நகைச்சுவையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன். சட்டை என்றால் ரசீதோடு போய் மாற்றிக்கொள்ளலாம். நீங்களோ படித்துச் சிரித்தும் முடித்துவிட்டீர்கள். ஜெராமிலிருந்து ஒரு வாசகர், பேருந்தில் உட்கார்ந்து சிரித்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டதாகக் கடிதம் போட்டிருந்தார். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பெல்லாம் அதை எடுத்து விருந்தாளிகளுக்குக் காட்டுவேன். இப்போது காட்டுவதில்லை.

நினைவில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் அக்கா அஞ்சலை, மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டைத் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறவள். விடுமுறையில் நான் இங்கிலாந்திலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது, கொதிக்கிற தோசைக்கல்லை வெறுங்கையால் பிடித்து இறக்கி வைத்தாள். துணியில்லை, இடுக்கியில்லை. சோற்றுப் பானையும் அப்படித்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டில் எது சூடாக இருந்தாலும் "அஞ்சலையக் கூப்பிடு" என்பார்களாம். கோயில் அன்னதானத்தில் சாம்பார் அண்டாவின் ஒரு காதை அவள்தான் பிடிப்பாளாம். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? "இங்கிலாந்து மகாராணியின் சமையலறையில்கூட இப்படி ஓர் இடுக்கி கிடையாது" என்று எழுதினேன். அக்காவின் கைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம் என்றும் எழுதினேன். அக்கா அந்தப் பக்கத்தை வெட்டி, சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வைத்தாள்.

அந்தக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அவள் வலது கையில் பழைய தீத்தழும்புகள் நாலைந்து இருந்தன. பார்த்தேன். எழுதினால் சிரிப்புக் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

2

நான் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னால் தாதிப் பயிற்சிக்கென்று இங்கிலாந்துக்கு வந்தவன். என் பெயர் முனியாண்டி. முழுப் பெயரும் இவர்கள் வாயில் நுழையாததால் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு "ஆண்டி" என்று கூப்பிடுகிறார்கள். ஆண்டி என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சம்பள உயர்வு கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள்.

தாதி வேலை எனக்கு ஒத்துவரவில்லை. ஊசியைப் பார்த்தால் நோயாளிக்கு முன்னால் நான் மயங்குவேன். மனைவி புஷ்பா கலும்பாங் ஊர்க்காரி. அவள் இன்னும் அதே வேலையில் இருக்கிறாள், எனக்கும் சேர்த்துத் தைரியம் வைத்திருக்கிறாள். நான் கணினிப் படிப்பு ஒன்றைப் படித்து, அதே மருத்துவமனையின் பௌதிகப் பிரிவில் ஆப்பரேட்டராக உட்கார்ந்துவிட்டேன். அங்கேதான் அந்தக் காந்த இயந்திரம் வந்து சேர்ந்தது.

இது எக்ஸ்-ரே இல்லை. பெரிய காந்தக் குழாய். ஆளை உள்ளே தள்ளி, டமடமவென்று தட்டி, உடம்பை ஏடு ஏடாகப் படம் எடுக்கும். இப்போதுதான் புதிதாக வந்துகொண்டிருக்கிறது, நம் பக்கம் வரச் சில காலம் ஆகலாம். இதில் ஒரு தொல்லை உண்டு. படத்தை இது ஒரே மூச்சில் எடுப்பதில்லை, படிப்படியாகச் சேர்க்கிறது. நேரத்தை மிச்சம்பிடிக்க நூற்றிருபத்தெட்டுப் படியோடு நிறுத்திவிட்டால், கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற ஓரங்களில் அலை அலையாகக் கோடுகள் விழும். உடம்பில் அங்கே ஒன்றுமே இருக்காது. தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் காலைப் பெரட்டுக்கு ஆளைக் கூட்ட அடிக்கும் தண்டவாளத் துண்டு இருக்கிறதே, சுத்தியலை எடுத்த பிறகும் அதன் ஓசை இழுத்துக்கொண்டே இருக்கும். ஓரத்தைத் தட்டிய அதிர்வு அப்படித்தான் படத்துக்குள் இழுத்துக்கொண்டு போகிறது.

அந்த அலையை அடக்க, எங்கள் பிரிவின் விஞ்ஞானி பீட்டர் ஒரு நிரல் எழுதியிருந்தார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. படம் வரைந்த பொத்தான் எதுவும் கிடையாது. திரையில் ஒரு டாலர் குறி மினுங்கிக்கொண்டு காத்திருக்கும். நான் நிரலின் பெயரைத் தட்ட வேண்டும், கோப்பின் பெயரைத் தட்ட வேண்டும், கடைசியில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஓர் எண். எண் கூடக் கூட அடக்குமுறையும் கூடும். வழக்கமாக மூன்று போடுவோம். தட்டிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தால் அலை குறைந்த படம் தயாராக இருக்கும்.

இந்த வேலையைப் பற்றி அக்காவிடம் ஒருமுறை தொலைபேசியில் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏன்டா, இதுக்கா கப்பல் ஏறிப் போன? இதத்தான நானும் செய்யிறேன்" என்றாள். நான் விமானத்தில் வந்தவன் என்பதை அவள் என்றைக்கும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அவள் சொன்னது சரி. காய்ந்த ரப்பர் ஷீட்டை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஷீட்டிலும் ரோலர் பதித்த வரிகள் ஓடும். அது மெஷின் போட்டது, விட்டுவிடலாம். ஷீட்டுக்குள்ளேயே பட்டைத் தூசி, அழுக்கு, கொப்புளம் இருந்தால் கத்திரியால் வெட்டி எடுத்துவிட வேண்டும். ரோலர் வரியை வெட்டினால் நல்ல ஷீட் வீண். உள்ளே இருப்பதை விட்டால் முழுக் கட்டும் தரம் இறங்கும். முப்பது ஆண்டுகளாக அக்கா இதைச் செய்கிறாள். நான் செய்வது மூன்று ஆண்டுகளாக, நாற்காலியில் உட்கார்ந்து.

3

போன ஆண்டு கழுத்தைப் படமெடுக்கப் புதிய கம்பிச் சுருள் ஒன்று வாங்கினார்கள். சோதித்துப் பார்க்க ஒரு கழுத்து தேவைப்பட்டது.

"ஆண்டி, உன் கழுத்துக்கு இப்போது வேலை ஏதும் இல்லையே" என்றார் பீட்டர்.

ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்தப் படம் நோயைக் கண்டறிவதற்காக எடுக்கப்படுவதல்ல, இதில் தெரியும் எதுவும் எனக்குத் தெரிவிக்கப்படமாட்டாது, அதற்கு நான் சம்மதிக்கிறேன். கையெழுத்துப் போட்டேன். குழாய்க்குள் படுத்து, தட்டலுக்கு ஏற்பக் கால் பெருவிரலால் தாளம் போட்டேன். வெளியே வந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால், அன்றைய வேலையாக என் திரைக்கு வந்து நிற்பது என் கழுத்து. எனக்குத் தெரிவிக்கக் கூடாததை நானேதான் எனக்குக் காட்ட வேண்டும். இந்த நாட்டுப் படிவங்கள் எல்லாவற்றையும் யோசிக்கும், இதை மட்டும் யோசிக்கவில்லை.

படத்தைத் திறந்தேன். முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கயிறு சாம்பல் நிறத்தில் இறங்கியது. அதன் நட்டநடுவில் மேலிருந்து கீழாக, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு.

இதே மாதிரிக் கோட்டைக் காட்டி எத்தனையோ பயிற்சி மருத்துவர்களிடம், "பயப்படாதீர்கள், அது வெறும் அலை" என்று பெரிய மனிதனாகச் சொல்லியிருக்கிறேன். என் கழுத்தில் பார்த்ததும் அந்த அறிவெல்லாம் பின்கதவு வழியாகப் போய்விட்டது. நேராக மருத்துவ நூலகத்துக்கு ஓடினேன். புத்தகத்தில் இருந்தது: நரம்புக் கயிற்றுக்குள் நீர் தேங்கிக் குழிவிழும் நோய். முதலில் கையில் தெரியும். தொட்டால் உணர்வார்கள், ஆனால் சூடும் வலியும் தெரியாது. தங்களுக்குத் தெரியாமலே கையைச் சுட்டுக்கொள்வார்கள். பிறகு கை மெலியும், பலம் போகும்.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு யார் நினைவு வந்தது என்கிறீர்கள்? நான்தான்.

வீட்டுக்கு வந்து குழாயில் வெந்நீரைத் திறந்து வலது சுண்டுவிரலை நீட்டினேன். சுட்டது. கத்தினேன். ஆனந்தமாக இருந்தது. பிறகு, நோய் அடுத்த விரலில் ஒளிந்திருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. பத்து விரலையும் சோதித்தேன். பிறகு முழங்கை. எங்கள் மகள் மலர், வயது பதினைந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் அம்மாவிடம் கத்தினாள்: அப்பா தன்னையே வேகவைத்துக்கொண்டிருக்கிறார் என்று. அவள் இப்போது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தி ஓராண்டாகிறது.

புஷ்பா வந்து என் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு என்ன நோய்?"

"சொன்னா நீ தாங்க மாட்ட."

"போன மாசம் இதயம். அதுக்கு முன்ன சிறுநீரகம். வரிசையா மேல ஏறிக்கிட்டிருக்கு. சீக்கிரம் மூளைக்குப் போயிடும், அங்க ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சா நிம்மதியாத் தூங்கலாம்."

நான் சிரிக்கவில்லை. அப்பாவின் கை என் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் அவர். நாற்பது வயதுக்குமேல் கை நடுங்கி, உளியைக் கீழே போட்டுவிடுவார். தோட்டத்து மருந்தக டிரெஸ்ஸர் தைலம் கொடுத்தார். அவ்வளவுதான் வைத்தியம். இப்போது எனக்கு நாற்பத்தைந்து.

4

மறுநாள் மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு என் கழுத்தின் மேல் நிரலை ஓட்டினேன். மூன்று போட்டேன். கோடு மங்கியது. ஐந்து போட்டேன், காணாமலே போனது. கூடவே எலும்பு ஓரங்களும் அவித்த மரவள்ளிக் கிழங்குபோல் மழுங்கின. ஐந்து நிமிடம் மகிழ்ச்சியாக இருந்தேன்.

பிறகு ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது. கோடு பொய் என்பதால் போனதா, போ என்று நான் சொன்னதால் போனதா? இந்த நிரல் நல்ல வேலைக்காரன். அழி என்றால் அழிக்கும். எதை அழித்தேன் என்று சொல்லாது. மெல்லியதாக மெய்க்கோடு ஒன்று இருந்தாலும் அதே பணிவோடு துடைத்துவிட்டுப் போயிருக்கும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டால் எல்லா மரமும் வெட்டியாச்சு என்று சொல்கிற ஆளைப்போல.

பீட்டரிடம் போய் நின்றேன். "ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன்" என்று தொடங்கினேன்.

"அந்த நண்பர் நேற்று என் இயந்திரத்தில் படுத்திருந்தாரா?" என்றார் அவர். படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை நிரலிடம் கேட்காதே, ஆண்டி. திரும்பவும் போய்ப் படு. இருநூற்றைம்பத்தாறு படி வைத்து எடுப்போம். பொய்க்கோடு என்றால் இடம் மாறும், மெலிந்து போகும். மெய்க்கோடு எங்கேயும் போகாது, நின்ற இடத்தில் நிற்கும்."

இப்போதே படுக்கிறேன் என்று காலணியைக் கழற்றினேன். முடியாதாம். தன்னார்வலரை இரண்டாம் முறை படமெடுக்க மருத்துவமனை அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். குழுவின் செயலாளர் விடுப்பில் ஸ்பெயினில் இருந்தார். அவர் வருவதற்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நான் உயில் எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். என் தமிழ்ப் புத்தகங்களை யாருக்கு எழுதிவைப்பது என்று மலரிடம் கேட்டேன். "நூலகத்துக்கு" என்றாள். அந்தச் சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

5

மாதத்தின் முதல் ஞாயிறு அக்காவோடு பேசும் நாள். இங்கே காலை ஒன்பது, அங்கே மாலை நான்கு. லயத்தில் தொலைபேசி கிடையாது. அக்கா சைக்கிளில் டவுனுக்கு வந்து ஆ லெக்கின் காப்பிக்கடையில் காத்திருப்பாள். ஆ லெக் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர். அவருடைய தமிழில் மலாய் பாதி, மரியாதை கால்.

அப்பாவின் கையைப் பற்றிக் கேட்க வேண்டும், ஆனால் ஏன் கேட்கிறேன் என்று தெரியக் கூடாது. சுற்றி வளைத்தேன்.

"அக்கா, அப்பாவுக்குக் கை நடுங்குமே, அது எப்ப ஆரம்பிச்சது?"

"ஏன்டா, உனக்கு நடுங்குதா?"

"சும்மா கேக்கிறேன்."

"நீ சும்மா கேக்கிற ஆளா. காசு குடுத்து போன் போட்டு செத்தவர் கையக் கேக்கிற. அப்பாவுக்குக் கை நடுங்கினது கள்ளுக்கடை பூட்டுற நாள்ல மட்டுந்தான்லா. மத்த நாள்ல அவரு கை நம்ம எல்லாரு முதுகுலயும் நல்லா வேல செஞ்சுச்சு. மறந்துட்டியா?"

பரம்பரை நோய் இல்லை, பரம்பரைக் கள்தான். வாய்விட்டுச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். அப்போதுதான் அந்தப் பக்கம் ஆ லெக்கின் குரல் கேட்டது.

"அக்கா, கைய எடு. கேத்தல் பனாஸ்லா, பனாஸ், சூடு. தங்கான் வெந்து போவும்."

ஏதோ தகரம் உருண்டது. அக்கா சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

"ஒண்ணுமில்லடா. இவன் தண்ணிக் கேத்தல் மேல கைய ஊணிக்கிட்டு நின்னுட்டேன். அதுக்குப் போயி இந்தக் கத்துக் கத்துறான். தோலு கொஞ்சம் செவந்திருக்கு, அவ்வளவுதான். இரும்புக் கைன்னு நீதான எழுதின."

தொட்டால் உணர்வார்கள், சூடும் வலியும் தெரியாது. தங்களுக்குத் தெரியாமலே சுட்டுக்கொள்வார்கள். இரண்டு வாரமாக நான் நாள்தோறும் படித்த வரி அது.

"எந்தக் கை அக்கா?"

"போன் இடது கைல இருக்கு. அப்ப வலதுதான்."

"அக்கா, நான் சொல்றபடி செய். ஆ லெக்கிட்ட ரெண்டு கிளாஸ் கேளு. ஒண்ணுல குடிக்கிற சூட்டுக்குக் காப்பி, ஒண்ணுல ஐஸ் தண்ணி. கண்ண மூடிக்க. அவரு ஒண்ணொண்ணா உன் வலது கைல குடுக்கட்டும். எது சூடுன்னு சொல்லு."

"இதென்னடா, கடையில நாலு பேரு பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

கிளாஸ் மேசையில் இடிபடும் சத்தம். கடையில் யாரோ மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஆ லெக்கின் குரல்: "பிடி. இப்ப இது பிடி."

"முதல்ல குடுத்தது காப்பி, ரெண்டாவது ஐஸு" என்றாள் அக்கா உடனே. சரி என்றார் ஆ லெக். மூச்சு விட்டேன்.

"எப்படிச் சொன்ன அக்கா?"

"ரெண்டாவது கிளாஸு வெளிய ஈரமா இருந்துச்சே. ஐஸுன்னாதான் வேர்க்கும்."

முப்பது ஆண்டு ஷீட் பிரித்த விரல்கள். ஈரத்தைக் கண்டுபிடித்துவிட்டன. "ஆ லெக், ரெண்டையும் நல்லாத் துடைச்சிட்டுக் குடுங்க" என்று நான் கத்தினேன். அக்கா அதை அவரிடம் சொன்னாள். மீண்டும் சத்தம். இந்த முறை நேரமெடுத்தது. கடையிலிருந்த சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

"ரெண்டும் கிளாஸுதான்டா" என்றாள் அக்கா.

"எது சூடு?"

"தெரியல."

"இப்ப போனை வலது கைக்கு மாத்து. இடது கைல குடுக்கச் சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்து, "ஐயோ, சுடுது" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வலது கை ஏன்டா எனக்குச் சொல்லல?"



6

குழுவின் செயலாளர் நன்றாகக் கறுத்துத் திரும்பி வந்து என் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். இருநூற்றைம்பத்தாறு படியில் என் கழுத்தை எடுத்தார்கள். அந்த ஒற்றைக் கோடு இல்லை. அந்த இடத்தில் மயிரிழைபோல் இரண்டு மூன்று வரிகள், இடம் மாறி, தேடினால்தான் தெரிகிற மாதிரி. பொய்க்கோடு. பீட்டர் என் தோளில் தட்டி, உன் நண்பருக்கு வாழ்த்துகள் என்றார். நன்றி சொல்லிவிட்டு, என் அக்காவை அழைத்து வந்தால் படமெடுப்பீர்களா என்று கேட்டேன்.

கோலாலம்பூரில் நரம்பு மருத்துவர் ஒருவர் அக்காவைப் பார்த்துவிட்டு, சந்தேகம் சரிதான், உறுதிசெய்ய முதுகில் மருந்து ஏற்றிப் படமெடுக்க வேண்டும் என்றார். ஊசி என்றதும் அக்கா எழுந்து நின்றுவிட்டாளாம். எங்கள் குடும்பத்தில் ஊசி விஷயத்தில் ஒற்றுமை உண்டு. பீட்டரின் ஆராய்ச்சிப் பட்டியலில் இடம், மருத்துவமனைக் கடிதம், நிபுணர் கடிதம், அக்காவின் கணவரான மச்சானின் சம்மதம், தோட்டத்தில் விடுப்பு, பிறந்த பத்திரத்தில் அஞ்சலை, அடையாள அட்டையில் அஞ்சலாய், இரண்டும் ஒருத்திதான் என்று சத்தியப் பத்திரம். இதற்கே எட்டு மாதம் ஓடிவிட்டது. அந்த எட்டு மாதத்தில் அவள் வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிவிட்டது. விமான நிலையத்தில் அவள் கையைப் பிடித்தபோதே தெரிந்தது. கத்திரி இப்போது வழுக்குகிறது என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று.

குடிவரவு அதிகாரி, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். நான் கடிதம் எழுதி மனப்பாடம் பண்ணச் சொன்ன ஆங்கில வாக்கியத்தை விட்டுவிட்டு, அக்கா தன் வலது கையை அவர் மேசைமேல் வைத்துக் காட்டியிருக்கிறாள். அவர் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்திவிட்டார். பதினெட்டு ஆண்டில் எனக்கு அப்படி ஒருமுறைகூடக் குத்தியதில்லை.

காந்த அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. தாலியைக் கழற்ற வேண்டும் என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நானும் புஷ்பாவும் இரண்டு நாள் தள்ளிப்போட்டோம். அவளே கேள்விப்பட்டு, பெட்டியிலிருந்து மஞ்சள் கயிற்றையும் மஞ்சள் கிழங்குத் துண்டையும் எடுத்தாள். ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். "மஞ்சள காந்தம் இழுக்காதில்ல?" என்றாள். கயிற்றைக் கட்டிக்கொண்ட பிறகுதான் பொன்னைக் கழற்றினாள்.

மூக்குத்திதான் பிரச்சினை. சமைந்த வயதில் போட்டதாம், திருகு கழலவில்லை. மலர் சோப்பு நுரையோடு வந்து உட்கார்ந்தாள். அத்தையின் முகத்தைத் தூக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்லத் திருகினாள். பிறகு கேட்டாள்.

"அத்தை, வலிக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ் அப்படியே உள்ளே இருந்திருக்கிறது.

"வலிக்குதும்மா" என்றாள் அக்கா. அக்காவுக்கு வலிக்கிறது என்று கேட்டு வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்தோஷப்பட்டேன். மூக்காவது மிச்சம் இருக்கிறது.

அன்று பிற்பகல் அவள் கோப்பு என் திரைக்கு வந்தது. முதலிலேயே இருநூற்றைம்பத்தாறு படி. திறந்தேன். கோடு என்று சொல்ல முடியாது. பென்சில் பருமனில் கறுப்பு, கழுத்திலிருந்து தோள்பட்டை நடுவரைக்கும். அலை அடக்கத் தேவையே இல்லாத படம். ஆனாலும் டாலர் குறி மினுங்கிக்கொண்டு காத்திருந்தது. நிரலின் பெயரைத் தட்டினேன். மூன்று. ஐந்து. ஏழு. ஒன்பது. ஒன்பதில் அக்காவின் முகவாய் கரைந்தது, எலும்புகள் புகையாகின. கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

இயந்திரத்துக்கு நான் கட்டளையிட்டதுபோல் தோன்றினாலும், அன்று செய்தது கெஞ்சல்தான். பிறகு ஒழுங்காக அந்த நாலு கோப்புகளையும் அழித்துவிட்டு, எதுவும் தொடாத படத்தை நிபுணருக்கு அனுப்பினேன்.

7

ஆபரேஷன் வருகிற வியாழக்கிழமை. கழுத்துக்குப் பின்னால் திறந்து, தேங்கிய நீருக்கு வழி செய்துவிடுவார்களாம். நிபுணர் ஒளிக்காமல் பேசினார். கை மேலும் மெலியாமல் நிறுத்தப் பார்க்கலாம். போன சூடு திரும்பி வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கழுத்து என்பதால் ஆபத்தும் உண்டு. புஷ்பா ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொன்னாள். ஆபத்து என்கிற இடத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் வழுக்கியது. அக்கா அதைக் கவனித்துவிட்டு, "அதையும் முழுசாச் சொல்லு" என்றாள். சொன்னாள். யோசிக்க ஒரு நாள் கேட்டாள் அக்கா.

இப்போது எங்கள் வீட்டு அடுப்பில் எது ஏறினாலும் மலர் துணியோடு பக்கத்தில் நிற்கிறாள். அக்கா கை நீட்டினால், "அத்தை, சூடு" என்கிறாள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்கிறாள். நான் அன்றைக்கு, தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேனே, அப்போது சொல்லியிருக்க வேண்டிய சொல் அதுதான். அதனால்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பழைய பக்கத்தை யாராவது வெட்டி வைத்திருந்தால் கிழித்துவிடுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் லயத்தில், உங்கள் வீதியில் இப்படி ஓர் இரும்புக்கை இருந்தால், சிரிக்காதீர்கள். இரண்டு கிளாஸ் எடுத்துக்கொண்டு போங்கள். மறக்காமல் துடைத்துவிட்டுக் கொடுங்கள்.

யோசிக்கக் கேட்ட அந்த ஒரு நாள் முடிந்து, பதில் சொல்ல மருத்துவமனைக்குப் போனோம். உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் அக்கா, படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். விதிப்படி நான் காட்டக் கூடாது. இரண்டு பிலிமை எடுத்து வந்தேன். ஒன்று அவளுடையது, இன்னொன்று பழைய பொய்க்கோட்டோடு இருக்கும் என் கழுத்து.

அக்கா தாழ்வாரத்து ஜன்னலுக்குப் போனாள். முதலில் என் பிலிமை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். ஒரு பார்வைதான்.

"இது யாரு?"

"நான்."

"இது ரோலர் வரிடா. ஷீட்டுல ஒண்ணுமில்ல" என்று என்னிடம் நீட்டினாள். "இதுக்கா மூணு வாரம் சாகக் கிடந்த?"

பிறகு தன்னுடையதைப் பிடித்தாள். வலது கை விரல் பிலிமின் ஓரத்தில் சரியாக நிற்கவில்லை, வழுக்கியது. இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். கோட்டின் மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை அவள் கண் இறங்கியது. என்ன சொல்லி அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"இது மெஷின் போட்டது இல்ல" என்றாள். "உள்ளயே இருக்கு."

கதவு திறந்து தாதி அக்காவின் பெயரைக் கூப்பிட்டாள், தன் வாயில் வந்தபடி. அக்கா பிலிமை மடிக்காமல், கசங்காமல் என் கையில் கொடுத்துவிட்டுப் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"கத்திரி அந்த வெள்ளக்கார டாக்டர்கிட்டதான இருக்கு? வா, வந்து இங்கிலீசுல சொல்லு. வெட்டச் சொல்லு. பழைய கத்திரி வேணாம், ஓரம் கிழியும். புதுசா எடுக்கச் சொல்லு."